விளையாட்டு வாத்தியாரை உருவாக்கிய வாத்தியார்

அமெரிக்காவில் பிறந்து, சென்னையில் கல்லூரி கண்ட ஹாரி பக்கின் வாழ்க்கை வரலாறு

திருவண்ணாமலையில் எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியும். அந்த மலையைப் பார்த்தபடி பள்ளிக்கூட மைதானங்கள் இருக்கின்றன. மாலை வேளையில் அங்கே விசில் சத்தம் கேட்கும். ஒரு மூலையில் கைப்பந்து. இன்னொரு மூலையில் கபடி. நடுவில் கழுத்தில் விசில் தொங்க ஒருவர் நிற்பார். அவர்தான் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கு அவர் பி.டி. வாத்தியார்.

கணக்குக்கு ஒரு வாத்தியார், தமிழுக்கு ஒரு வாத்தியார் இருப்பதுபோல விளையாட்டுக்கும் ஒரு வாத்தியார். இன்று இது நமக்குச் சாதாரணம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு வேலையே நம் நாட்டில் சரியாக உருவாகவில்லை. அதற்குப் படிப்பும் இல்லை, பட்டமும் இல்லை, படிக்கக் கல்லூரியும் இல்லை.

அந்தக் கல்லூரியைச் சென்னையில் உண்டாக்கியவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் ஹாரி குரோ பக். நம் மண்ணில் 24 ஆண்டுகள் உழைத்து, நம் மண்ணிலேயே உயிர்விட்டவர் அவர்.

திருட்டுத்தனமான விளையாட்டு

அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் விளையாடவே இல்லையா? விளையாடினார்கள். ஆனால் பெரியவர்களின் கண்ணில் படாமல் விளையாடினார்கள்.

திருவண்ணாமலை வாசிகள் நன்கு அறிந்த ஓர் உதாரணம் உண்டு. ரமண மகரிஷியைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. துறவு வாழ்க்கைக்கு வருமுன் அவர் மதுரையில் வேங்கடராமன் என்ற பள்ளி மாணவன். அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பாடப் புத்தகத்தைவிடப் பந்துதான் அவருக்குப் பிரியம். கால்பந்து, குஸ்தி, நீச்சல் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். அவர் சேர்ந்த கட்சியே ஜெயிக்கும் என்பதால், தோழர்கள் அவருக்குத் தங்கக்கை என்றே பெயர் வைத்திருந்தார்கள். வீட்டார் உறங்கிய பிறகு, நண்பர்களோடு நள்ளிரவில் வைகை மணலுக்குப் போய் விளையாடிவிட்டு, விடியுமுன் சத்தமில்லாமல் வந்து படுத்துக்கொள்வாராம்.

1896 செப்டம்பர் 1 அன்று அந்தப் பையன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பிறகு அவர் வாழ்க்கை வேறு திசையில் சென்றது. ஆனால் அவருடைய பள்ளிப் பருவம் ஓர் உண்மையைக் காட்டுகிறது. விளையாட்டு அன்று படிப்பின் பகுதியாக இல்லை. படிப்புக்கு எதிரியாகவே பலர் அதைக் கருதினார்கள்.

பள்ளிக்கூடங்களில் டிரில் என்று ஒன்று மட்டும் இருந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பல இடங்களில் டிரில் மாஸ்டர்களாக வந்தார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார்கள். கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று கட்டளை இடுவார்கள். சம்பளம் சொற்பம். மற்ற ஆசிரியர்களுக்கு இருந்த மதிப்பும் அவர்களுக்கு இல்லை.

ஆற்றங்கரைச் சிற்றூர்ப் பிள்ளை

ஹாரி பக் 1884 நவம்பர் 25 அன்று பிறந்தார். ஊர், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த லிவர்பூல். இங்கிலாந்தில் உள்ள பெரிய துறைமுகமான லிவர்பூல் வேறு. இது சுஸ்குவெஹானா என்ற ஆற்றின் கரையில் உள்ள மிகச் சிறிய ஊர்.

வாலிபரானதும் அவர் படிக்கப் போன இடம் ஸ்பிரிங்பீல்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள நகரம். அங்கே கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. நடத்திய ஒரு பயிற்சிக் கல்லூரி இருந்தது. 1885-இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. மாணவர் தொகை சிறியது. பணபலமும் சிறியது. ஆனால் விளையாட்டு உலகில் அது செய்த காரியம் பெரியது. பக்கைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தக் கல்லூரியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்னக் கல்லூரியின் பெரிய ஆட்டம்

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம், நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அல்ல. பந்து முட்டை வடிவில் இருக்கும். கட்சிக்கு 11 பேர். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரிகள் மேலே விழுந்து மடக்குவார்கள். பார்ப்பதற்கு ஒரு சின்னப் போர் போலவே இருக்கும்.

1890-இல் ஸ்பிரிங்பீல்டு கல்லூரிக்கு ஆமோஸ் ஆலன்சோ ஸ்டாக் என்ற இளைஞர் வந்தார். அவர் யேல் பல்கலைக்கழகத்தில் பேர் பெற்ற ஆட்டக்காரர். வந்ததும் ஒரு கால்பந்துக் கோஷ்டியைத் திரட்டினார். பெரிய கல்லூரியாக இருந்தால் நூற்றுக்கணக்கானவர்களிலிருந்து பொறுக்கி எடுக்கலாம். இங்கே இருந்ததோ ஒரு கைப்பிடி மாணவர்கள். அவர்களில் உயரம் குறைந்தவர்களும் உண்டு. ஆகவே அவரே பயிற்சி கொடுத்தார். அவரே களத்தில் இறங்கியும் ஆடினார்.

அந்தக் கோஷ்டியின் நடுவில் நின்று ஆடியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடா நாட்டுக்காரர். ஒன்பது வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தவர். ஆட்டத்தில் காது நசுங்காமல் இருக்க, துணியைத் தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடினார். இன்று அந்த ஆட்டக்காரர்கள் போடும் தலைக்கவசத்துக்கு அது ஒரு முன்னோடி.

1890 டிசம்பர் 12 அன்று இந்தச் சின்னக் கோஷ்டி, நியூயார்க் நகரத்தில் மாடிசன் சதுக்க அரங்கில் யேல் கோஷ்டியை எதிர்த்து நின்றது. கூரைக்கு அடியில் ஆடப்பட்ட ஆட்டம் அது. யேல் 16, ஸ்பிரிங்பீல்டு 10. தோற்றது சின்னக் கல்லூரிதான். ஆனால் யானையோடு மோதிய ஆட்டுக்குட்டி ஆறு புள்ளி வித்தியாசத்தில்தான் தோற்றது!

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

அடுத்த ஆண்டு ஒரு சங்கடம் வந்தது. அந்த நாட்டில் பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாது. உள்ளே வெறும் தேகப்பயிற்சி மட்டும். கால்பந்து ஆடிப் பழகிய வாலிபர்களுக்கு அது கசந்தது. வகுப்பில் கலகம் செய்தார்கள். கல்லூரியின் உடற்பயிற்சித் தலைவரான லூதர் குலிக், நெய்ஸ்மித்தை அழைத்தார். உள்ளே ஆடக்கூடிய ஒரு புது ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும்படி இரண்டு வாரத் தவணை கொடுத்தார்.

நெய்ஸ்மித் யோசித்தார். கால்பந்தில் ஏன் அடிபடுகிறது? பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதால்தான். ஓடக்கூடாது என்று வைத்தால் மேலே விழ வேண்டிய அவசியமே இல்லை. இலக்கைத் தலைக்கு மேலே உயரத்தில் வைத்தால், பலம் மட்டும் போதாது, குறியும் வேண்டும். இரண்டு பீச் பழக்கூடைகளைக் கொண்டுவந்து 10 அடி உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். 13 விதிகள் எழுதினார். 1891 டிசம்பரில் 18 மாணவர்கள், பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரிந்து ஆடினார்கள். கூடைப்பந்து பிறந்தது!

அதே கல்லூரியில் படித்த வில்லியம் மார்கன், 1895-இல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில் இன்னோர் ஆட்டத்தை உண்டாக்கினார். அதுதான் நம் ஊர் மைதானங்களில் வலை கட்டி ஆடும் கைப்பந்து.

இதற்கிடையே அமெரிக்கக் கால்பந்து மேலும் முரட்டு ஆட்டமாகிவிட்டது. 1905-ஆம் ஆண்டில் மட்டும் அந்த ஆட்டத்தால் பல வாலிபர்கள் உயிரிழந்தார்கள். தேசம் பதறியது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டில் விதிகள் மாற்றப்பட்டன. பந்தை முன்னால் எறிந்து கொடுக்கலாம் என்ற விதி அப்போதுதான் வந்தது.

இந்த நிகழ்ச்சிகளில் ஒரு பாடம் இருந்தது. விளையாட்டு தானாக நல்லதாகிவிடாது. விதி வேண்டும். நடத்தத் தெரிந்தவர் வேண்டும். ஜெயிப்பதை மட்டுமே பார்த்தால் ஆட்டம் ஆளைக் கொல்லும். உடல், அறிவு, ஆன்மா மூன்றும் சேர்ந்து வளர வேண்டும் என்பது குலிக்கின் கொள்கை. ஒரு முக்கோணத்தை அதற்கு அடையாளமாக வைத்தார். ஹாரி பக் பயின்றது இந்தப் பள்ளியில்தான்.

சென்னையில் ஒரு சிறு பள்ளி

1919-இல் பக் இந்தியாவுக்கு வந்தார். முதல் உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டு அது. மனைவி மேரி பக் அவருக்கு உற்ற துணையாக இருந்தார்.

சென்னையில் அவர் கண்டது என்ன? விளையாட ஆசைப்படும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களை நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள்தான் இல்லை. வெளிநாட்டிலிருந்து எத்தனை பேரை வரவழைக்க முடியும்? ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஆள் தேவை என்றால், இந்த நாட்டிலேயே, இந்த மக்களிலிருந்தே ஆசிரியர்களைத் தயாரிக்க வேண்டும்.

1920-இல் அவர் உடற்பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்கென்று ஏற்பட்ட முதல் பயிற்சி நிலையம் அதுவே. ஆரம்பத்தில் சில மாணவர்களே இருந்தார்கள். வசதிகளும் குறைவு. ஸ்பிரிங்பீல்டைப் போலவே இதுவும் சின்ன நிலையமாகவே பிறந்தது.

மாணவர்கள் பந்து ஆட மட்டும் கற்கவில்லை. உடலின் அமைப்பு, எலும்பும் தசையும் இயங்கும் விதம், சுகாதாரம், முதலுதவி, மைதானத்தில் கோடு போடும் அளவு, பந்தயம் நடத்தும் முறை ஆகிய எல்லாம் படிப்பில் அடங்கும். பாடம் நடத்தத் தெரியாதவன் நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும் நல்ல ஆசிரியன் ஆக மாட்டான் அல்லவா?

பின்னர் அந்த நிலையம் கல்லூரியாக வளர்ந்தது. சென்னையின் தெற்கே, சைதாப்பேட்டை நந்தனம் பகுதியில், அடையாற்றங்கரையில் பரந்த நிலம் கிடைத்தது. ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் அங்கேதான் இருக்கிறது.

முட்டை வடிவப் பந்து ஏன் வரவில்லை?

அமெரிக்கரான பக், தம் நாட்டுக் கால்பந்தை ஏன் இங்கே பரப்பவில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். நம் நாட்டு நிலையை நினைத்தால் காரணம் புரியும். அந்த ஆட்டத்துக்குத் தலைக்குக் கவசம் வேண்டும். தோளுக்குத் திண்டு வேண்டும். காலுக்கு விசேஷ பூட்ஸ் வேண்டும். செருப்பு இல்லாமல் பள்ளிக்கு வந்த நம் ஏழைப் பிள்ளைகளுக்கு அவை எப்படிக் கிடைக்கும்?

கைப்பந்துக்கு ஒரு பந்தும், ஒரு வலையும், இரண்டு கம்பங்களும் போதும். கூடைப்பந்துக்கு இரண்டு வளையங்கள். கபடிக்கு அதுவும் வேண்டாம். மண்ணில் ஒரு கோடு கிழித்தால் போதும்! ஆகவே ஸ்பிரிங்பீல்டில் பிறந்த ஆட்டங்களில் நம் மண்ணில் வேர் விட்டவை மலிவானவை, எல்லாரும் ஆடக்கூடியவை.

வேற்று நாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு ஆட்டங்களையும் பக் மதித்தார். சடுகுடு போன்ற ஆட்டங்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறு விதமாக ஆடப்பட்டு வந்தன. ஒரு ஊர்க் கட்சி இன்னோர் ஊருக்குப் போனால் ஆட்டத்துக்கு முன்பே சண்டை வந்துவிடும். எழுதிய விதி இருந்தால்தான் சண்டை ஓயும். பக் விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். பட்டணத்துப் பள்ளியும் பட்டிக்காட்டுப் பள்ளியும் ஒரே விதியில் ஆட அது உதவியது.

பாரிசில் எட்டு வீரர்கள்

1924-இல் பாரிஸ் நகரத்தில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு சர் தோராப்ஜி டாட்டாவின் முயற்சியால் சில இந்திய வீரர்கள் சென்றிருந்தார்கள். இம்முறை முறையாகத் தேர்வு நடத்த ஏற்பாடாயிற்று. 1924 பிப்ரவரியில் டில்லியில் அகில இந்தியப் பந்தயம் நடந்தது. அதில் தேறிய எட்டுத் தடகள வீரர்கள் பாரிசுக்குப் புறப்பட்டார்கள். அவர்களை நடத்திச் சென்ற மானேஜர் ஹாரி பக்.

சென்னை மாகாணத்திலிருந்து சென்ற சி. கே. லட்சுமணன் தடைதாண்டும் ஓட்டத்தில் ஓடினார். பிற்காலத்தில் அவர் டாக்டராகி, இந்திய சர்க்காரின் சுகாதார சேவைகளின் தலைமை டைரக்டர் பதவி வரை உயர்ந்தார்.

பாரிசில் நம் தடகள வீரர்களுக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. பின்லாந்து வீரர் பாவோ நுர்மி மட்டும் ஐந்து தங்கப் பதக்கங்களை வாரிக்கொண்டு போனார். நம்மவர்கள் வெறுங்கையோடு திரும்பினாலும், உலகம் எங்கே இருக்கிறது, நாம் எங்கே இருக்கிறோம் என்பது தெளிவாயிற்று. பயிற்சியும் அமைப்பும் இல்லாமல் வெற்றி வராது என்பது புரிந்தது. 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் முறையாக ஏற்பட்டது. சர் தோராப்ஜி டாட்டா தலைவர். ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரன் செயலர். மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் இந்திய ஹாக்கி வீரர்கள் தங்கப் பதக்கம் வென்றார்கள்.

பெண்களுக்கும் மைதானம்

ஆனால் பக்கின் வேலை பதக்கத்தோடு முடியவில்லை. நூறு பிள்ளைகளில் ஒருவன் வீரனாகலாம். மீதி 99 பேர்? நோஞ்சான் பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை, ஓடினால் கடைசியில் வரும் பிள்ளை ஆகியவர்களுக்கும் உடல் இருக்கிறது. அவர்களுக்கும் மைதானம் வேண்டும். உடற்கல்வி என்ற சொல்லின் பொருளே அதுதான்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பெண் ஓடினால் குற்றம், உரக்கச் சிரித்தால் குற்றம் என்றிருந்த காலம். பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டுமானால் பெண் ஆசிரியைகள் வேண்டும். 1940-இல் இக்கல்லூரி பெண்களுக்கும் கதவைத் திறந்தது. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை உடற்பயிற்சி படிக்க அனுப்பப் பெற்றோருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அங்கே படித்தவர்கள் பெண்கள் பள்ளிகளில் ஆசிரியைகள் ஆனார்கள். சிறுமிகளின் கைகளிலும் பந்து வந்தது.

யுத்த காலத்தில் மறைவு

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1942-இல் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பயத்தில் சென்னை ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வெளியூருக்கு ஓடினார்கள். பட்டணம் வெறிச்சோடியது. அரிசிக்குத் தட்டுப்பாடு. எங்கும் கலக்கம்.

அந்த யுத்தம் முடிவதைப் பக் பார்க்கவில்லை. 1943 ஜூலை 24 அன்று சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. இந்தியாவின் விடுதலையையும் அவர் பார்க்கவில்லை.

ஒரு மனிதர் தொடங்கிய நிலையம் அந்த மனிதரோடு முடிந்துபோவது உலகில் சகஜம். அதுவும் வேற்று நாட்டவர் ஒருவர், யுத்த காலத்தில், பாதி வழியில் போய்விட்டார். கல்லூரி நிலைக்குமா? நிலைத்தது! காரணம், அவர் தம்மைப் பின்பற்றும் ரசிகர்களைச் சேர்க்கவில்லை. தம் வேலையைச் செய்யக்கூடிய ஆசிரியர்களை உண்டாக்கியிருந்தார். கணவர் மறைந்த பின்பும் மேரி பக் கல்லூரிக்காக உழைத்தார். மாணவர்கள் நாட்டின் பல பாகங்களுக்கும் சென்று வேலை பார்த்தார்கள்.

விடுதலைக்குப் பிறகு சர்க்காரும் இத்துறையில் இறங்கியது. 1957-இல் மத்திய சர்க்கார் குவாலியரில் ஜான்சி ராணி லட்சுமிபாயின் பெயரால் ஓர் உடற்கல்விக் கல்லூரியைத் திறந்தது. அது சென்னைக் கல்லூரிக்கு 37 ஆண்டுகள் இளையது. சடுகுடு, கபடி என்ற பெயரில் உலகம் சுற்றி, 1990-இல் பீஜிங் ஆசியப் பந்தயத்தில் பதக்க ஆட்டமாக ஏறியது. முதல் தங்கம் இந்தியாவுக்கே.

விசில் சொல்லும் சேதி

பக் இருந்த நாளில் திருவண்ணாமலை வட ஆற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா தலைநகரம். 1989-இல் அது தனி மாவட்டத்தின் தலைநகரமாயிற்று. அந்த மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளிலும் இன்று உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஹாரி பக்கின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் செய்யும் வேலைக்கு இந்த நாட்டில் முதலில் பாடத்திட்டம் வகுத்து, கௌரவம் தேடித் தந்தவர் அவர்.

இருந்தும் ஒரு குறை தீரவில்லை. பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டுப் பீரியடுதான். கணக்கு வாத்தியார் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பெற்றோர்களும் சரி என்கிறார்கள். மைதானம் காலியாகிறது.

விளையாடும் நேரம் வீண் நேரம் என்ற அந்தப் பழைய எண்ணத்தை எதிர்த்துத்தான் ஓர் அமெரிக்கர் கடல் கடந்து வந்து, தம் வாழ்நாளில் 24 ஆண்டுகளைச் செலவிட்டார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கு ஒரு மணி நேரமும், அதற்கு ஓர் ஆசிரியரும் கிடைத்தது அப்படித்தான். அந்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்காமல் இருப்பது பெரியவர்களின் பொறுப்பு.